மேஸ்திரிக்கு ஒரே வாய்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தது ஒண்டிக் குடித்தன வீடு. நடு முற்றத்தில் ஒரே குழாய், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். குழாய்க்கு நேர் எதிர் அறையில் மேஸ்திரி இருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. துறைமுகத்திலும் மேஸ்திரி, தெருவிலும் மேஸ்திரி. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். கப்பலில் ஏறி இறங்கும் சரக்கைக் குறித்துக்கொள்கிற டாலி கிளார்க் வேலை. மேஸ்திரியின் ஆட்கள் மூட்டை இறக்குகிற கப்பலிலேயே எனக்கும் பல நாள் வேலை விழும். ஆகவே அவரைக் காலையில் குழாயடியிலும் பார்ப்பேன், பகலில் கப்பல் தட்டிலும் பார்ப்பேன். இரண்டு இடத்திலும் ஒரே குரல்தான்.

அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கப்பலின் அடிவயிற்றில் ஆட்கள் மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்குவார்கள். மேலே, திறப்பின் விளிம்பில் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மேஸ்திரி நிற்பார். இறக்கு என்பதற்கு அவர் "ஆரியா!" என்று கத்தினால், வலையைத் தூக்கி இறக்குகிற விஞ்சு இயந்திரத்தின் இரைச்சலையும் கடல் காற்றையும் தாண்டி அது போய்ச் சேர்ந்து, வலை இறங்கும். ஆனால் ஒவ்வொரு ஆரியாவுக்கும் முன்னும் பின்னும் ஒரு வசவு இருக்கும். கஸ்மாலம், பேமானி, சோமாரி, சாவுகிராக்கி. கோபத்தில் சொல்வதில்லை. வசவு சேராவிட்டால் அவருக்கு வாக்கியம் முடிந்த மாதிரி இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். "கஞ்சி ஊத்து கஸ்மாலம்" என்று மனைவியிடம் கேட்பார். அந்த அம்மாளும் அதைக் காதிலேயே வாங்காமல் ஊற்றும்.

அவர்களுக்கு ஒரே மகள், கஸ்தூரி. கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்தவள். பேச்சும் தாமதமாகத்தான் வந்தது. பிள்ளை ஊமையோ என்று அவர் மனைவி பயந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடையாக நடந்தது. நாலு வயது நடக்கும்போது வாய் திறந்தது. திறந்த பிறகு மூடவில்லை.

ஒரு நாள் காலை குழாயடியில் கூட்டமாக நின்றிருந்தோம். கஸ்தூரி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். மேஸ்திரி பல் துலக்கிக்கொண்டே, "துன்னு. இல்லாங்காட்டி ஒத வாங்குவ" என்றார்.

அவள் எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்தாள். தாடையை முன்னே நீட்டினாள். "வோணான்னு சொன்னா காது கேக்கல? போடா கஸ்மாலம்!"

குழாயடி முழுவதும் சிரித்தது. ஒரு அம்மாள் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மேஸ்திரி கையை ஓங்கினார், ஓங்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிள்ளையின் இடுப்பில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வார்த்தய ஆர்கிட்ட கத்துகின?"

"ஒன்கிட்டதான்." அதைச் சொல்ல அவள் யோசிக்கக்கூட இல்லை.



ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா திருவொற்றியூரிலிருந்து வந்தாள். செய்தி எப்படியோ அங்கே போயிருந்தது. வந்தவள் உட்காரக்கூட இல்லை. "பொட்டப் புள்ளைக்கி இம்மாம் வாயா? நாளைக்கிப் போற வூட்ல நம்ம தலையத்தான் உருட்டுவாளுங்க. நாக்குல ரவ மொளகாத்தூள் தடவு. ஒரு வாட்டி எரிஞ்சா ஜென்மத்துக்கும் மறக்காது" என்றாள். சொன்னதோடு நிற்காமல் தானே உள்ளே போய் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வந்தாள். கஸ்தூரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் புடவைக்குள் புகுந்தாள்.

"குடுக்கா" என்று மேஸ்திரி உள்ளங்கையை நீட்டினார்.

வாங்கினார். தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"அடப்பாவி! பைத்தியம் புட்ச்சிகிச்சா?"

"வார்த்த எங்கேர்ந்து கெளம்பிச்சோ அங்கதானக்கா வைக்கணும்?" சொல்லி முடிப்பதற்குள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. புரையேறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். கஸ்தூரி ஓடிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், பாதியை வழியிலேயே சிந்திவிட்டு. அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அவரைவிட அவள்தான் அதிகமாக அழுதாள்.

"ஏம்ப்பா அத்தத் துன்ன?"

"கெட்ட வார்த்த பேசனேன், அத்தொட்டுத்தான். இனிமே நான் பேச மாட்டேன். நீயும் பேசாத."

"நீ பேசினா?"

"பேசினா திரும்பியும் துன்றேன்."

அக்கா, "அப்பனும் பொண்ணும் எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வாரத்தில் அவர் பலமுறை வாய் தவறினார். தவறும்போதெல்லாம் தானே போய் டப்பாவை இறக்கினார். நாலைந்து தடவைக்குப் பிறகு டப்பா காணாமல் போயிற்று. குழம்பு வைக்க முடியாமல் அவர் மனைவி வீடெல்லாம் தேடி, கடைசியில் விறகுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. யார் வைத்தது என்று கேட்டதற்குக் கஸ்தூரி வெளியே ஓடிவிட்டாள். அதன் பிறகு அவர் அந்த வீட்டில் வசவு பேசி நான் கேட்கவில்லை.

வீட்டோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. துறைமுகத்திலும் பேசுவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். "இங்கே யார் கேட்கப் போகிறார்கள் மேஸ்திரி? வீட்டில் பேசாமல் இருந்தால் போதாதா?" என்று கேட்டேன்.

"வூட்டுக்கு ஒரு வாயி, ஆர்பருக்கு ஒரு வாயின்னு ரெண்டா கீது? ஒண்ணுதான நைனா கீது. காலைல இங்க வுட்டா சாய்ங்காலம் அங்க வந்து நிக்கும்" என்றார்.

பார்ப்பதற்குப் பரிதாபமாக இருந்தது. "டேய் கஸ்..." என்று ஆரம்பித்து விழுங்குவார். விழுங்கிய இடத்தில் என்ன சொல்வதென்று தெரியாது. அதற்குள் மேலே வந்த வலை ஆடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முயன்றார். அப்போதுதான் பாதிப் பேருக்குப் பெயரே தனக்குத் தெரியாது என்று கண்டுபிடித்தார். ஒவ்வொருவனிடமும் போய்ப் பெயர் கேட்டார். பல வருஷமாக நொண்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் பெயர் தேவசகாயம் என்று தெரிந்தது. "மேஸ்திரி, நீ தேவசகாயம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மூட்டையே கரைக்குப் பூடும் போலக்கீதே" என்று அவனே சிரித்தான். இன்னொருவன், "ஒடம்புக்கு இன்னா மேஸ்திரி? ரெண்டு வார்த்த திட்டேன், வேல ஓடல" என்றான்.

கம்பெனி சூப்பர்வைசருக்கு மட்டும் இது சிரிப்பாக இல்லை. "உன் வாய்க்காகத்தான்யா உன்னை மேஸ்திரி ஆக்கினேன். கதாகாலட்சேபம் பண்றவன் மாதிரி பேசினா எவன் பயப்படுவான்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். மேஸ்திரி மறுநாளும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

இவ்வளவு செய்தும் கஸ்தூரி எதிர்த்துப் பேசுவதை நிறுத்தினாளா என்றால், இல்லை. வசவு போயிற்று, பேச்சு இரண்டு மடங்காயிற்று. முன்பெல்லாம் "வோணாம், போடா" என்பவள் இப்போது "ஏன்?" என்று கேட்க ஆரம்பித்தாள். குளி என்றால் ஏன், தூங்கு என்றால் ஏன். "அந்த கஸ்மாலமே தேவலாம் போலக்கீது. ஒரே வார்த்தையில முடிஞ்சிடும். இதுக்கு முடிவே இல்ல" என்று அவர் மனைவி குழாயடியில் தலையில் கை வைத்துக்கொண்டது.

மேஸ்திரி ஒவ்வொரு ஏனுக்கும் பதில் சொன்னார். பதில் சொல்லிவிட்டால் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைக்கக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. காசிமேட்டுப் பக்கம் போகவேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அலை இழுத்துவிடும், பெரிய ஆளையே இழுத்துவிடும் என்று காரணம் சொன்னார். அவள் தரையில் விழுந்து புரண்டு கத்தினாள். பக்கத்து அறைக்காரர் வந்து, முதுகில் ஒன்று வையுங்கள் ஐயா, தெருவே கூடி நிற்கிறது என்றார். மேஸ்திரி அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "காரணம் சொல்லிட்டேன். இட்டுகினு போ மாட்டேன். கத்தறது ஒன் இஸ்டம்" என்றார். அவள் கத்தி ஓய்ந்து அங்கேயே தூங்குகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அடிக்கவும் இல்லை, கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை.

எங்கள் தெருக்கோடியில் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் லைன் ஓடியது. வாகன் என்கிற சரக்குப் பெட்டிகளிலிருந்து உதிர்கிற கரித் துண்டுகளைப் பொறுக்கக் குழந்தைகள் அங்கே போவதுண்டு. கஸ்தூரி மடி நிறையக் கரியோடு வந்து நின்ற அன்று மேஸ்திரி முகம் வெளுத்துவிட்டது. "தண்டவாளத்துப் பக்கம் போவக் கூடாது. வண்டி எப்ப நவுரும்னு தெரியாது."

"நீ மட்டும் போற?"

அது உண்மை. சுற்றிப் போனால் நேரமாகும் என்று அவர், நான், அந்தத் தெருவின் ஆண்கள் எல்லோருமே நின்றிருக்கும் வாகன்களுக்கு அடியில் குனிந்து நுழைந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் விடியற்காலை நான் வழக்கம்போல் குனிந்தேன். மேஸ்திரி என்னோடு வரவில்லை. லெவல் கிராசிங் கேட்டுக்குச் சுற்றிக்கொண்டு போகத் திரும்பிவிட்டார்.

"அவள்தான் தூங்குகிறாளே மேஸ்திரி!"

"தூங்கிகினுதான் கீறா. சாய்ங்காலம் எப்டிப் போனேன்னு கேப்பா. அப்ப பொய்தான சொல்லணும்?"

அன்றிலிருந்து தினமும் சுற்று வழிதான். மழையிலும் அப்படியே. அவள் சும்மா விடவில்லை. சில நாள் சீக்கிரம் எழுந்து, தெருக்கோடி வரை பின்னாலேயே வந்து அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

அவர் தோற்ற இடமும் உண்டு. பீடி. அவள் கேட்டாள், ஏன் குடிக்கிறாய் என்று. நெஞ்சு வலிக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார். "வலிச்சா ஏம்ப்பா குடிக்கற?" கையிலிருந்த பீடியைப் பார்த்துக்கொண்டு அவர், "அது மட்டும் என்னால வுட முடியல. அத்தினால அந்த விசயத்துல நான் ஒனிக்கிப் புத்தி சொல்ல முடியாது. ஒன் அம்மா சொல்லுவா, கேட்டுக்க" என்றார். பெற்ற பிள்ளையிடம் என்னால் முடியவில்லை என்று சொன்ன ஆண்பிள்ளையை அந்தக் காலத்தில் நான் வேறு யாரையும் பார்த்ததில்லை.

இனி சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எதிர்பார்த்த நாளுக்கு முன்பாகவே ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. உடனே ஆள் வேண்டும். மேஸ்திரி குழாயடியில் தலை முழுக்கச் சோப்போடு உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் ஜீப் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கி நடைக்குள் வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கேடா அந்தப் பேமானி? கப்பல் வந்து நிக்குது, இவன் சாவகாசமாக் குளிச்சிக்கிட்டு இருக்கான்!"

கஸ்தூரி சொம்பைக் கீழே வைத்தாள். "எங்கப்பாவ அப்டிப் பேசாத. அது கெட்ட வார்த்த. எங்க வூட்ல அத்தப் பேச மாட்டோம்."

  சூப்பர்வைசர் முகம் சிவந்து போயிற்று. எதிரில் இத்தனை பேர் நிற்காவிட்டால் அவரும் சிரித்திருப்பாரோ என்னவோ.

"என்னய்யா இது? பிள்ளை வளர்த்திருக்கிற லட்சணமா? போடு வாயிலே ஒண்ணு. நான் பார்க்கணும், என் முன்னாலேயே போடு."

அந்த மனிதர் நினைத்தால் மேஸ்திரி மறுநாள் மேஸ்திரி இல்லை. அது அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரியின் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து பிள்ளையின் கையைப் பற்றி அடிக்கவே போய்விட்டது. மேஸ்திரி வேண்டாம் என்று கையைக் காட்டினார். சோப்பு நுரை கண்ணில் வழிய எழுந்து வந்தார். மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கஸ்தூரி. அவுரு பெரியவரு. பேசாதன்னு சொல்லக் கூடாது. பேசாதீங்கன்னு சொல்லணும். எங்க, திரும்பிச் சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திச் சூப்பர்வைசரைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல நிறுத்திச் சொன்னாள்.

"எங்கப்பாவ அப்டிப் பேசாதீங்க."

"ஆங்" என்று மேஸ்திரி எழுந்தார். சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, வேறு ஒன்றுமே நடக்காதது போல, "தோ வரேன் சார். ஆளுங்கள இட்டுகினு ஜல்தியா வந்துட்றேன்" என்றார்.

சொன்னபடியே போனார். கப்பல் காலியாகிற வரைக்கும் இரவு பகலாக வேலை வாங்கினார். கப்பல் வெளியே போன அன்று அவரைக் கூப்பிட்டு, இனி வேறொருவன் மேஸ்திரி, வேண்டுமானால் நீ மூட்டை தூக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சொல்லிப் பார்த்தேன். "போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் மேஸ்திரி. பிள்ளை தெரியாமல் பேசிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கும் உங்களை விட்டால் ஆள் இல்லை."

"அவ தெரிஞ்சிதான் பேசினா நைனா. நானே சொல்லிக் குடுத்தது. தெரியாம பேசிட்டான்னு இப்ப நான் சொன்னா, அப்புறம் நான் சொல்றத அவ எதுக்குக் கேக்கணும்?"

நாற்பதைத் தாண்டிய உடம்பு. தூக்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷத்து மழைக்காலம் முழுவதும், அதற்கு அடுத்த கோடையிலும் மூட்டை தூக்கினார். புது மேஸ்திரி தாராளமாகத் திட்டினான். வேலை முன்னைவிட வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. பிறகு கோதுமைக் கப்பல்கள் அடுத்தடுத்து வந்து எல்லாக் கம்பெனிக்கும் ஆள் போதாமல் போனபோது, வேறொரு கம்பெனி அவரை மேஸ்திரியாகக் கூப்பிட்டது. பழைய ஆட்களில் பாதிப் பேர் அவரோடு போனார்கள். மற்றவர்கள், இருக்கிற இடத்தை விட்டு எதற்கு என்று நின்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனிக் கப்பலில் எனக்கு வேலை விழுந்ததில்லை. அடுத்த வருஷமே நான் தூத்துக்குடிக்குப் போய்விட்டேன். அவரைப் பிறகு பார்க்கவில்லை.

அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது அவர் முதல் நாள் மூட்டை தூக்கிவிட்டு வந்த அந்தச் சாயங்காலம். தோள் தோலுரிந்து சிவந்திருந்தது. சாக்குத் தூசி தலையெல்லாம் படிந்து ஒரே நாளில் நரைத்தவர் போலிருந்தார். அறை வாசலில் அவரை உட்காரவைத்து அவர் மனைவி தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தது. கஸ்தூரி தூணைப் பிடித்துக்கொண்டு அந்தத் தோளையே பார்த்தாள். 

"எப்பா, என்னாலயா?"

"பின்ன ஆரால? ஒன் வாயாலதான்!" என்று அவர் மனைவி ஒத்தடத் துணியை வேகமாக அழுத்தியது. மேஸ்திரி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"ரவ ஒன்னால. மிச்சம் என்னால. நீ சொன்ன. சரிதான்னு நான் திரும்பியும் சொல்ல வெச்சேன்."

அவள் அதை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பது போல நின்றாள். பிறகு, "அப்ப நாளைக்கி நானும் வந்து மூட்ட தூக்கறேன்" என்றாள்.

"வோணாம்."

"ஏன்?"

அவர் மனைவி, போய்ப் படுடி, மனுசனக் கொல்லாத என்றது. எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. அந்த உடம்பு வலியில் எந்தத் தகப்பனும் ஒரு அதட்டல் போட்டிருப்பான். மேஸ்திரி சுவரில் முதுகு படாதபடி மெல்ல நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.

"குந்து, சொல்றேன்" என்றார்.